சுவருக்குள் மடங்கும் கட்டில்: வாங்கலாமா?

வேளச்சேரியில் என்னுடையது ஒற்றை அறை ஃபிளாட். குளியலறையையும் சமையல் மேடையையும் கழித்துவிட்டால் 10க்கு 14 அடி. தூக்கம், சாப்பாடு, ஆபீஸ் வேலை, வருகிறவர்களை உட்கார வைப்பது எல்லாம் இதற்குள்தான். சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட வெள்ளை பெயின்ட் அடி, கண்ணாடி மாட்டு, மெல்லிய திரை போடு என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். சரி, செய்யலாம். ஆனால் 5க்கு 6½ அடியில் ஒரு குயின் சைஸ் கட்டிலைப் போட்டதுமே 140 சதுர அடியில் 32 போய்விடுகிறது. அதை எந்தப் பெயின்ட்டும் திருப்பித் தராது. என்னைக் கேட்டால் தரை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதனால்தான் சுவரோடு மடங்கும் கட்டில். பட்டறையில் சொல்லிச் செய்தது. மெத்தை இல்லாமல் 52,000 ரூபாய். பகலில் பார்த்தால் ஏழடி உயர அலமாரி மாதிரி நிற்கும். சுவரிலிருந்து ஒன்றரை அடிதான் வெளியே வரும். அம்மா முதல் தடவை பார்த்தபோது, “ஏன்டா, ராத்திரி நம்மள உள்ள வச்சு மூடிக்காதே?” என்று கேட்டார். படுத்திருக்கும்போது நம் எடையே அதைக் கீழே பிடித்துக்கொள்ளும், மூடாது. ஆனாலும் அன்று அவர் பாயில்தான் படுத்தார்.

இதன் உயிர் இரண்டு பக்கமும் இருக்கும் பிஸ்டனில். கடைக்காரர்கள் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது, என்பார்கள். ஆனால் தூக்கிக் கொடுப்பது உள்ளே அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. கார் டிக்கியைத் தூக்கிப் பிடிப்பதும் இதே சாமான்தான். கட்டில், மெத்தை இரண்டின் எடைக்கும் பொருத்தமாக பிஸ்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெத்தை ரொம்ப லேசாக இருந்தால் கட்டில் கீழே நிற்காமல் எம்பும். கனமாக இருந்தால் தூக்குவதற்குள் இடுப்பு போய்விடும். ஆகவே முதலில் மெத்தையை வாங்கி, எடை போட்டு, அப்புறம் ஆர்டர் கொடுங்கள். ஆறு அங்குல ஃபோம் மெத்தை எனக்குச் சரியாக இருக்கிறது. ஒரு கையால் தூக்க முடிகிறது. லேடெக்ஸ் மெத்தை கனம், இதற்கு வேண்டாம்.

வெளிப்பக்கத்தில் முழு நீளக் கண்ணாடி ஒட்டித் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்குப் பத்து கிலோ வரும். அந்தக் கனத்தை தினமும் ஏற்றி இறக்குவானேன்? தனியாக ஒரு கண்ணாடி வாங்கி பால்கனி கதவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். வெளிச்சம் உள்ளே வரை வருகிறது. கட்டிலின் முகத்துக்குச் சுவர் நிறத்திலேயே மைக்கா ஒட்டச் சொன்னேன். தேக்கு நிறத்தில் ஒட்டியிருந்தால் அறையில் ஒரு பீரோ நிற்பது போலத்தான் இருந்திருக்கும்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்கு வரவில்லை. கேட்டால் “நாளைக்கு சார்”. ஓரப் பட்டை ஒரு மூலையில் அதற்குள் உரிந்து வருகிறது. பெரிய தொல்லை ஈரம்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் மெத்தையை நாள் முழுக்க மூடி வைத்தால் முடை நாற்றம் வரும். அடிப்பலகையில் காற்றுத் துளைகள் போடச் சொல்லுங்கள், எழுந்ததும் உடனே மடக்காதீர்கள். எழுந்து காபி குடித்து, குளித்துவிட்டு வந்து மடக்கினால் போதும்.

சுவர் விஷயத்தில் அலட்சியம் கூடாது. செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் நன்றாகப் பிடிக்கும். புது அடுக்குமாடிகளில் வைக்கும் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த கான்கிரீட் கல், லேசானது, நாளாக ஆக போல்ட் ஆட்டம் காணும். அங்கே முழுப் பாரமும் தரையில் இறங்குகிற மாதிரி சட்டம் செய்து, சுவரோடு சாய்மானத்துக்கு மட்டும் பிணைப்பதுதான் பாதுகாப்பு. வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் கேட்காமல் டிரில்லை எடுக்காதீர்கள். கழற்றி வேறு வீட்டில் மாட்டவும் ஆளும் செலவும் ஆகும், அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும்தான்.

பிஸ்டன் தளர்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அதன் விசை எத்தனை நியூட்டன் என்று குழாய் மேல் அச்சிட்டிருக்கும். கட்டிலை மாட்டும் அன்றே அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு அந்த எழுத்து தேய்ந்துவிடும்.