சிட்டாகிளிப்டின் தயாரிப்பு: ரோடியமா, நொதியா?

சர்க்கரை நோய்க்குத் தரும் சிட்டாகிளிப்டின் மூலக்கூறில் ஓர் அமீன் தொகுதி (நைட்ரஜன் கொண்ட பகுதி) சரியான திசையில் அமைய வேண்டும். மெர்க் நிறுவனம் இதற்கு இரண்டு வழிகளை உருவாக்கியது. 2006, 2010 என இரண்டுக்குமே அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது.

முதல் வழி, ரோடியம் என்ற உலோக வினையூக்கி. தொடக்கப் பொருளான கீட்டோனை இனாமினாக்கி (இரட்டைப் பிணைப்போடு நைட்ரஜன் சேர்ந்த இடைப்பொருளாக்கி), ஜோசிஃபாஸ் ஈனி (உலோகத்தோடு இணைந்து வினையின் திசையைத் தீர்மானிக்கும் மூலக்கூறு) சேர்ந்த ரோடியத்தை வைத்து, சுமார் 17 வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜன் ஏற்றுவார்கள். நைட்ரஜன் மேல் அசைல் காப்பு (தற்காலிகமாக மூடி வைக்கும் ஒரு தொகுதி) இல்லாமல் இந்த வினை நடக்காது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அது இல்லாமலே நடந்தது! காப்பைப் போட்டுக் கழற்றும் வேலை மிச்சம். ஆனால் விளைபொருளில் தவறான ஆடி வடிவமும் (கண்ணாடிப் பிம்பம் போல இடம்வலம் மாறிய மூலக்கூறும்) ஒன்றிரண்டு சதவீதம் வரும். அதை மறுபடிகமாக்கி நீக்கி, ஒட்டிக்கொண்ட ரோடியத்தையும் வெளியேற்ற வேண்டும்.

அடுத்து நொதி. மெர்க்கோடு சேர்ந்து வேலை செய்த கோடெக்சிஸ் நிறுவனம் எடுத்துக்கொண்ட டிரான்ஸ்அமினேஸ் (அமீன் தொகுதியை ஒரு மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நொதி), இந்தக் கீட்டோனைத் தொடவே இல்லை. மூலக்கூறு அவ்வளவு பருமன், நொதியின் வினைமையம் (வினை நடக்கும் குழி) அவ்வளவு குறுகல். அதனால் முதலில் மூலக்கூறின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி, சிறிய மெத்தில் கீட்டோனாகக் கொடுத்துப் பழக்கினார்கள். அப்புறம் முழு மூலக்கூறைக் கொடுத்தபோது மாறியது ஒரு சதவீதம்கூட இல்லை. சுற்றுச் சுற்றாகத் திருத்தி, 27 அமினோ அமிலங்களை மாற்றிய பிறகு, பாதிக்குப் பாதி டிஎம்எஸ்ஓ என்ற கரிமக் கரைப்பான் கலந்த கரைசலில், லிட்டருக்கு 200 கிராம் கீட்டோனை அந்த நொதி கையாண்டது. அமீனைத் தருவது மலிவான ஐசோபுரொப்பைலமீன், அது அசிட்டோனாகிவிடும். தவறான வடிவம் கண்ணில் படாது. உயர் அழுத்தக் கலனும் வேண்டாம்.

நொதிதான் வென்றது, சரி. ஆனால் எவ்வளவு? விளைச்சல் 10 முதல் 13 சதவீதம் கூடியது, கழிவு 19 சதவீதம் குறைந்தது. ரோடியம் வழியோ அதற்கு முந்தைய தயாரிப்பின் கழிவில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே குறைத்திருந்தது. பெரிய பாய்ச்சல் அங்கேதான் நடந்தது. நொதியைப் புகழ்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

புது மூலக்கூறு, அவசரமாகச் சில கிராம் தேவை என்றால் நான் ஈனிப் புட்டிகளைத்தான் முதலில் திறப்பேன். ஆண்டுக்கணக்கில் டன் டன்னாகத் தயாரிக்க வேண்டுமென்றால், நொதியைத் திருத்தும் செலவு தாங்கும். அந்தச் செலவும் முதல் தடவைக்குத்தான் அதிகம்: சிட்டாகிளிப்டினுக்காக அகலப்படுத்திய அதே வினைமையம் வேறு பல பருமனான கீட்டோன்களையும் ஏற்றுக்கொள்கிறது.