இரண்டாம் தட்டையும் கேளுங்கள்: கேன் குழுவின் 'டாகோ மாகோ'

ஜெர்மன் ராக் இசைக்குழுவான கேனின் ரசிகர்கள் இருவர் சந்தித்துப் பேசத் தொடங்கினால், பேச்சு வெகு விரைவில் ஒரு பழைய வழக்கில் போய் நிற்கும். 1971-இல் வெளிவந்த 'டாகோ மாகோ' என்னும் இரட்டை இசைத்தட்டில் இரண்டாம் தட்டு வேண்டுமா, வேண்டாமா என்பதே அந்த வழக்கு. முதல் தட்டைப் பற்றி யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இரண்டாம் தட்டையோ உறையிலிருந்து வெளியே எடுக்காமலே ஆண்டுகளைக் கடத்தியவர்கள் உண்டு. நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன். அண்மையில் இதன் மறுபதிப்பை வாங்கி, நான்கு பக்கங்களையும் வரிசை தவறாமல் பல இரவுகள் கேட்ட பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. முதல் தட்டு மட்டும் வந்திருந்தால் இது மிக நல்ல ராக் ஆல்பமாக இருந்திருக்கும்; இக்குழு எதைத் தேடிக்கொண்டிருந்தது என்பது இரண்டாம் தட்டில்தான் காதில் விழுகிறது.

இக்குழுவைப் புதிதாக அறிய வருபவர்களுக்குச் சில செய்திகள். கேன் 1968-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் உருவானது. கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட், பேஸ் கிட்டார் வாசித்த ஹோல்கர் சூக்காய் ஆகிய இருவரும் இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஷ்டொக்ஹவுசனிடம் பயின்றவர்கள். டிரம்ஸ் வாசித்த யாகி லீபெட்சைட் ஜாஸிலிருந்து வந்தவர். கிட்டார் வாசித்த மிஷாயேல் கரோலி சூக்காயிடம் இசை கற்ற மாணவர். மற்ற மூவரைவிடப் பத்து வயது இளையவரான அவர்தான் ராக் இசையைத் தன் ஆசிரியரின் காதுக்குக் கொண்டு சேர்த்தவர். முப்பது வயதைத் தொட்ட மூவர் தாங்கள் கற்ற அத்தனையையும் ஓரம் வைத்துவிட்டு ஓர் இளைஞனோடு முதலிலிருந்து தொடங்கினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடுகிறது. முதல் பாடகரான அமெரிக்கர் மால்கம் மூனி விலகிச் சென்றபின், 1970-ஆம் ஆண்டு மே மாதம் மியூனிக் நகரத் தெருவில் பாடிக்கொண்டிருந்த ஜப்பானிய இளைஞர் ஒருவரைச் சூக்காய் கண்டு, அன்றிரவு நிகழ்ச்சியிலேயே பாட வரும்படி அழைத்தார். அவர்தான் டாமோ சுசுகி. ஒத்திகை எதுவும் இல்லாமல் மேடையேறிய அவருடைய ஆவேசத்தைத் தாங்காமல் கூட்டத்தின் பெரும்பகுதி எழுந்து போய்விட்டதாகக் குழுவினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

அவரோடு சேர்ந்து பதிவுசெய்த முதல் முழு ஆல்பம் 'டாகோ மாகோ'. ஸ்பெயினின் இபிஸா தீவுக்கு அருகிலுள்ள டாகோமாகோ என்னும் சிறு தீவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். பதிவு நடந்த இடம் கொலோனுக்கு அருகிலுள்ள நோர்வெனிஷ் என்னும் பழைய கோட்டை மாளிகை. கலைப் பொருள்களைச் சேகரிக்கும் ஒருவர் அதில் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார். அவர்களிடம் இருந்தவை இரண்டு தடங்கள் மட்டுமே கொண்ட ஒலிநாடாக் கருவிகள். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்துகொண்டு பிறகு அளவைச் சரிசெய்யும் வசதி இல்லாத நிலையில், வாசிக்கும்போதே ஒருவர் மற்றவருக்காக அடங்கி ஒலித்தாக வேண்டும். ஐவரும் மணிக்கணக்கில் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு சூக்காய் அந்த நாடாக்களைக் கத்தரித்து ஒட்டிப் பாடலாக்குவார். இந்த ஆல்பத்தின் ஓசையில் கேட்கும் விசாலம், வாத்தியங்களுக்கு நடுவே காற்று ஓட விட்டதுபோன்ற அந்த இடைவெளி, பெரிய கூடங்களின் எதிரொலியாலும் இந்த அடக்கத்தாலும் வந்தது.

முதல் பக்கத்தில் மூன்று பாடல்கள் உள்ளன. 'பேப்பர்ஹவுஸ்' மெதுவாக, ஏறத்தாழ ஒரு தாலாட்டுப்போலத் தொடங்கி, ஏழு நிமிடத்துக்குள் கரோலியின் கிட்டார் கொதித்தெழும் இடத்துக்கு நம்மைக் கொண்டுபோகிறது. நான்கே நிமிடம் நீளும் 'மஷ்ரூம்' (காளான்) இந்த ஆல்பத்தின் மிகச் செறிவான பாடல். டிரம்ஸின் ஒவ்வோர் அடியும் வெறும் அறைச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. அதன்மேல் சுசுகி முணுமுணுப்பிலிருந்து அலறலுக்கும் அலறலிலிருந்து முணுமுணுப்புக்கும் போய் வருகிறார். 1950-இல் ஜப்பானின் கோபே நகரில் பிறந்தவர் காளானைப் பற்றிப் பாடும்போது அணுகுண்டின் புகைமண்டலத்தை நினையாதிருக்க முடியாது என்று பல ரசிகர்கள் சொல்வார்கள். பாடல் வெடிச்சத்தத்தில் முடிந்து, அந்தச் சத்தத்திலிருந்தே 'ஓ யா' பிறப்பதைக் கேட்கும்போது நானும் அப்படியே உணர்கிறேன். 'ஓ யா' பாடலில் சுசுகியின் குரலைப் பின்னோக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். சொற்கள் எந்த மொழி என்று பிடிபடுவதற்கு முன்பே தாளம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பிறகு குரல் நேராகி ஜப்பானிய மொழியில் ஒலிக்கும்போது, மொழி தெரியாத எனக்கும் ஏதோ விளங்கிவிட்டதுபோன்ற நிம்மதி வருகிறது.

தட்டைத் திருப்பினால் பக்கம் முழுவதும் ஒரே பாடல்தான்: பதினெட்டரை நிமிட 'ஹல்லேலுவா'. கேன் ரசிகர்களின் அன்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் போட்டுக் காட்டுவேன். லீபெட்சைட் ஒரு தாளக்கட்டைத் தொடங்குகிறார். பதினெட்டு நிமிடமும் அதை அவர் கைவிடுவதே இல்லை. ஜாஸில் எல்லாச் சுதந்திரத்தையும் ருசித்துப் பார்த்தவர் அவர். ஒருநாள் யாரோ ஒருவர் அவரிடம் வந்து, நீ ஒரே மாதிரியாக வாசிக்க வேண்டும் என்று சொன்னதாகவும், தன் வழியை மாற்றியது அந்தச் சொல்தான் என்றும் அவரே பலமுறை கூறியிருக்கிறார். ஒரே மாதிரி என்றால் இயந்திரம் போல என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செக்கு மாடு சுற்றும் சுற்றுக்கும் தறியில் நாடா ஓடும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது; தறியில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் துணி ஓர் இழை வளர்கிறது. சூக்காயின் பேஸ் இரண்டு மூன்று சுரங்களோடு நின்றுகொள்ள, ஷ்மிட்டின் ஆர்கனும் கரோலியின் வயலினும் கிட்டாரும் ஒவ்வொன்றாக வந்து நிறம் சேர்த்துவிட்டுப் போகின்றன. நடுவில் சுசுகி இதற்கு முன் வந்த மூன்று பாடல்களின் பெயர்களையும் தன் வரிகளில் கோத்துவிடுகிறார். எங்கே வெட்டி எங்கே ஒட்டியிருக்கிறார் சூக்காய் என்று கண்டுபிடிக்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன். ஓரிரு இடங்களில் பிடிபடும்; பிறகு தாளம் மறுபடி நம்மை எடுத்துக்கொள்ள, தேடுவது மறந்துவிடும்.

இரண்டாம் தட்டு முழுவதும் வேறு நிலம். ஒற்றைத் தட்டாகவே இந்த ஆல்பம் வெளிவந்திருக்கக்கூடும். மூன்றாம், நான்காம் பக்கங்களில் உள்ள சோதனைகளையும் சேர்த்து இரட்டைத் தட்டாக வெளியிட வேண்டும் என்று உறுதியாக நின்றவர் ஷ்மிட்டின் மனைவியும் குழுவின் மேலாளருமான ஹில்டகார்ட் ஷ்மிட். அந்த உறுதிக்கு ரசிகர்கள் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம்.

மூன்றாம் பக்கத்தை நிறைக்கும் 'ஔம்ங்ன்' பதினேழரை நிமிடம் ஓடுகிறது. இதில் சுசுகி பாடவில்லை. ஷ்மிட் தன் குரலில் அந்த ஒற்றைச் சொல்லை நீட்டி இழுக்கிறார். நம் ஓங்காரத்தை மாற்றி ஆங்கிலேய மறைஞான எழுத்தாளர் அலெய்ஸ்டர் கிரவுலி உருவாக்கிய சொல் அது. ஓம் என்ற ஒலியைக் கோயிலிலும் தியானத்திலும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பக்கம் முதலில் பெரும் அச்சத்தைத் தருகிறது; அமைதிக்கு உரியது என்று நாம் நினைத்திருந்த ஒலி இங்கே ஆழ்கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கோட்டையின் எதிரொலி, கம்பி வாத்தியங்களின் கீச்சொலி, எங்கோ குரைக்கும் நாய், கடைசியில் திரண்டுவரும் முரசடி ஆகிய எல்லாம் இதில் உண்டு. ஹல்லேலுவாவைக் கேட்ட கையோடு இதைக் கேட்க வேண்டும். அங்கே தாளம் கட்டி வைத்திருந்த கட்டிடத்திலிருந்து தாளத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டால் அதே குழு எப்படி ஒலிக்கும் என்பது இதில் தெரிகிறது. தனியாக எடுத்துக் கேட்டபோது எனக்கு இது வெறும் இரைச்சலாகவே பட்டது. வரிசையில் கேட்டபோதுதான் இதன் இடம் புரிந்தது.

நான்காம் பக்கத்தின் 'பீக்கிங் ஓ' பற்றி என்னால் அவ்வளவு உறுதியாகப் பரிந்து பேச இயலாது. தாள இயந்திரம் ஒன்று ஓட, சுசுகி பொருளற்ற அசைகளை நம்ப முடியாத வேகத்தில் கொட்டும் இடம் வியக்கத்தக்கது. ஆனால் பதினொன்றரை நிமிடத்தில் மூன்று நிமிடமாவது குழுவே வழி தெரியாமல் நிற்கிறது. அந்தத் தயக்கத்தையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்களே என்று மகிழும் ரசிகர்களை எனக்குத் தெரியும். நான் அந்தக் கட்சியில் இல்லை. அதன்பின் வரும் 'பிரிங் மீ காஃபி ஆர் டீ' புயலுக்குப் பின் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்ததுபோன்ற பாடல். இதை முதல் தட்டோடு சேர்த்துக் கேட்டால் இனிய பாடல் என்று கடந்துவிடுவோம். மூன்றாம் பக்கத்தைக் கடந்து வந்தவருக்குத்தான் அதன் இதம் முழுமையாகக் கிடைக்கும்.

எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ரசிகர்கள் ஆளுக்கொரு விடை வைத்திருப்பார்கள். 1972-இல் வந்த 'எகே பாம்யாஸி' சுருக்கமானது, கைக்கு அடக்கமானது. அதன் அட்டையில் வெண்டைக்காய் டப்பா ஒன்று இருக்கும். அதிலுள்ள 'ஸ்பூன்' ஒரு தொலைக்காட்சிக் குற்றத்தொடரின் முகப்புப் பாடலாகி, ஜெர்மனியில் விற்பனைப் பட்டியலின் ஆறாம் இடம்வரை சென்றது. 1973-இன் 'ஃபியூச்சர் டேஸ்' கடற்காற்று போன்றது. சுசுகி அதோடு விலகினார். என் விடை எப்போதும் டாகோ மாகோதான். கடினமானதை முதலில் கேட்டுவிட்டால் மற்றவை அனைத்தும் தாமாகவே திறந்துகொள்ளும்.

இந்த அன்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தங்கள் மேடை நிகழ்ச்சிகளை முறையாகப் பதிவுசெய்யக் குழு முயன்றபோதெல்லாம் ஏதோ ஒன்று தவறிப்போனது. எழுபதுகளின் நடுவில் பிரிட்டிஷ் ரசிகர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் சென்று நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்தார். 2021 முதல் ஷ்டுட்கார்ட், பிரைட்டன், குக்ஸ்ஹாஃபன் என்று ஊர்ப் பெயர்களோடு ஷ்மிட்டின் மேற்பார்வையில் வெளிவந்த நேரலைத் தொகுப்புகள் ரசிகர் பதிவுகளின் கொடை. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் தெரிந்த பாடல் ஒன்றின் சாயல் எழும், கரையும். ஆல்பத்தில் கேட்டதை அப்படியே திருப்பிப் பாடும் பழக்கம் இவர்களுக்கு இருக்கவில்லை. சுசுகியும் கடைசிவரை அதே வழியில் நின்றார். நாடு நாடாகச் சென்று, அந்தந்த ஊர் இசைக் கலைஞர்களோடு ஒத்திகையின்றி மேடையேறி, அந்த நேரத்தில் தோன்றியதைப் பாடினார். 2024 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, ஏதோ ஓர் ஊரில் ஓர் இரவு அவரோடு வாசித்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். லீபெட்சைட்டும் சூக்காயும் 2017-இலும், கரோலி 2001-இலும் மறைந்துவிட்டார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இரட்டை இசைத்தட்டுதான். குறுந்தட்டில் எழுபத்து மூன்று நிமிடமும் ஒரே வட்டில் அடங்கிவிடுகிறது, ஒலியும் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ஹல்லேலுவா முடிந்த மறுநொடியே ஔம்ங்ன் தொடங்கிவிடுவது சரியில்லை. எழுந்துபோய் இன்னொரு தட்டை எடுத்துவைக்கும் அந்த அரை நிமிட மௌனம் இந்த ஆல்பத்துக்கு வேண்டும். ஏற்கெனவே இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் 2011-இல் வந்த நாற்பதாம் ஆண்டுக் குறுந்தட்டுப் பதிப்பைத் தேடிப் பிடிக்கலாம். அதன் கூடுதல் வட்டில் 1972-இல் மேடையில் பதிவான மூன்று பாடல்கள் உள்ளன. ஆல்பத்தில் பதினெட்டரை நிமிடம் ஓடிய ஹல்லேலுவா அங்கே ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மூன்று நிமிடச் சிறு பாடலான ஸ்பூன் அரைமணி நேரம் வளர்கிறது. நான் இப்போது அந்த அரைமணி நேரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.