நாகர்கோவில் கிளாஸா, சனி ஞாயிறு ஆன்லைனா, பழைய பிசி லேபா? மூணு பேர மூணு வழியில பழக்கிப் பாத்த கத

போன வருசம் எங்க ஆஸ்பத்திரி ஐடியில இருக்கிற மூணு பேரையும் ஒரே நேரத்துல பழக்க வேண்டியதாப் போச்சு. மெயின் நாகர்கோவில்ல, மார்த்தாண்டத்துலயும் குளச்சல்லயும் கிளை, சர்வர் ரூம் நாகர்கோவில்ல மாடிப்படிக்குக் கீழ. ரெண்டு சர்வர், அதுல ஒண்ணு இன்னும் மைக்ரோசாஃப்டோட பழைய விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதுக்கு சப்போர்ட் 2023 அக்டோபர் 10-ஓட முடிஞ்சுபோச்சு, தெரிஞ்சேதான் ஓட்டிக்கிட்டு இருந்தோம். பிறவு யாரோ முதலாளி காதுல போட்டாவ, எல்லாத்தையும் கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியா வாடகைக்குக் கெடைக்கிற வெளியூர் சர்வருக்கு, ஏத்திட்டா சர்வர் ரூம் ஏசிய கழட்டி டாக்டர் ரூமுல மாட்டிரலாம்னு.

அது நம்ம ஊருல நடக்காது பாத்துக்கிடுங்க. 2017 நவம்பர் 30 ஒக்கி அடிச்ச அன்னைக்கு போன கரண்ட் சில இடத்துல நாள்கணக்கா வரல, கடலுக்குப் போனவங்களத் தேடி குடும்பங்க கரையில நின்ன நேரம் அது, அப்போ சர்வரப் பத்தி எவன் நினைப்பான், ஜெனரேட்டர் டீசல் முழுக்க ஐசியுவுக்குத்தான். அதனால பேக்கப் ஜில்லாவுக்கு வெளிய இருந்தே ஆகணும். ஆனா அதே காத்துல மரம் விழுந்து ஃபைபரும் அறுந்துச்சுல்லா? எல்லாம் கிளவுடுல இருந்தா ஓபி சீட்டு கூட அடிக்க முடியாது. ஸ்கேன் படம் வேற ஒவ்வொண்ணும் யானை கனம். ஆக பாதி இங்கன, பாதி அங்கன, இதத்தான் ஹைப்ரிட்னு பெரிய பேரு வச்சுச் சொல்லுதாவ.

மூணு பேரும் மூணு வழியில போனது பிளான் போட்டு இல்ல. மார்த்தாண்டம்காரனுக்கு ஆளு முன்னால நின்னு சொன்னாத்தான் மண்டையில ஏறும், அவன நாகர்கோவில்ல ஒரு கிளாஸுல சேத்தேன். தக்கலைப் பொண்ணுக்கு கைக்குழந்தை, சாயங்காலம் பஸ் புடிச்சு வர முடியாது, அதனால பெங்களூர்ல இருந்து சனி ஞாயிறு நடத்துற ஆன்லைன். குளச்சல் பையனுக்கு பட்ஜெட் தீந்துபோச்சு. ஸ்டோர் ரூமுல கெடந்த பழைய ஐ5 பிசியத் தூக்கிக் குடுத்து, 32 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் வாங்கிப் போட்டு, நீயே படிச்சுக்கோ மக்கான்னு விட்டேன்.

கிளாஸ முதல்ல சொல்லிருதேன். அடிப்படைக்குக் கொள்ளாம். ஐபி, டிஎன்எஸ், டிஹெச்சிபின்னு நெட்வொர்க் அடிப்படை, பிறவு டொமைன், குரூப் பாலிசி எல்லாம் போர்டுல படம் போட்டு, கையப் புடிச்சு எழுதச் சொல்லிக்குடுக்கிற மாதிரி சொல்லிக்குடுத்தாவ, அவன் இப்போ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஆபீஸ் லாகின் எல்லாத்தையும் பாத்துக்கிற டொமைன் கன்ட்ரோலர நட்டுருவான். ஆனா அங்க வாசல்ல இன்னும் எம்சிஎஸ்இ போஸ்டர் தொங்குது. அந்த சர்ட்டிஃபிகேட்ட மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-லயே மூடிட்டான். கிளவுடு பாகம் கடைசி ரெண்டு நாளு, ஒரே ஒரு அக்கவுண்ட், சாரு புரொஜெக்டர்ல கிளிக் பண்ணுவாரு, பிள்ளைங்க நோட்டுல எழுதும். நீச்சல வரப்புல நின்னு பாத்தா தண்ணி கையில படவா செய்யும்? திரும்பி வந்த அன்னைக்கு அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, இந்த என்ட்ரா கனெக்ட எந்த சர்வர்ல போடணும்?"

என்ட்ரா கனெக்ட்னா நம்ம சர்வர்ல உள்ள யூசர்ங்கள கிளவுடு லாகினோட சேத்து (சிங்க் பண்ணி) வைக்கிற சாஃப்ட்வேர். கேள்விய குறை சொல்ல மாட்டேன், அது நல்ல கேள்வி. 2012 ஆர்2-ல இப்போதைய வெர்ஷன் ஏறாது, 2016-ஓ அதுக்கு மேலயோ வேணும், டொமைன் கன்ட்ரோலர்லயே போடுறதவிட தனி சர்வர்ல போடுறது நல்லது, அந்தத் தனி சர்வரையும் டொமைன் கன்ட்ரோலர் அளவுக்கு பூட்டி வைக்கணும், ஏன்னா அது கையில மாட்டுனா மொத்த யூசரும் மாட்டுன மாதிரி. இது இங்கன உள்ள பாடமும் இல்ல, அங்கன உள்ள பாடமும் இல்ல, ரெண்டும் சேருற மூட்டுல உள்ள பாடம். எந்தப் பயிற்சிய எடுத்தாலும் நான் பாக்கது இப்போ இந்த ஒண்ணத்தான், மூட்டுல கை வைக்க விடுதாவளா இல்லையா.

ஆன்லைன் அந்த விசயத்துல ஒரு படி மேல. பாடத்திட்டமே விண்டோஸ் சர்வர் ஹைப்ரிட் அட்மினிஸ்ட்ரேட்டர் சர்ட்டிஃபிகேட்டுக்கு உள்ளது, அப்போ ஏஇசட்-800, ஏஇசட்-801னு ரெண்டு பரீட்சை, ஒவ்வொண்ணுலயும் ஆயிரத்துக்கு 700 வந்தா பாஸ். முதல்ல உள்ளது ஏடி (ஆக்டிவ் டைரக்டரி, ஆபீஸ் யூசர் லிஸ்ட் இருக்கிற இடம்), ஹைப்பர்-வி (ஒரு பிசிக்குள்ள பல கம்ப்யூட்டர் ஓட்டுறது), ஃபைல் சர்வர், அதோட கிளவுட கட்டுறது. ரெண்டாவதுல செக்யூரிட்டி, கிளஸ்டர், டிசாஸ்டர் ரெக்கவரி, பழைய சர்வர இடம் மாத்துறது. பிரவுசர்லயே லேப் தொறக்கும், சர்வர் எல்லாம் ஏற்கெனவே நட்டு வச்சிருக்கும், டைம் ஓடும், முடிஞ்சா அழிஞ்சிரும். பிள்ளை தூங்கின பிறவு ராத்திரி பத்துக்கு மேல உக்காந்து படிச்சு அந்தப் பொண்ணு ஏஇசட்-800-ல முதல் தடவையே பாஸ்.

சிக்கல் என்னன்னா அந்த லேபுல எல்லாமே சுத்தமா இருக்கும். கான்டோசோன்னு மைக்ரோசாஃப்டோட கற்பனைக் கம்பெனி ஒண்ணு உண்டு, அங்க எல்லா யூசரும் ஒழுங்கா இருப்பான், டொமைன் பேரும் ஒழுங்கா இருக்கும். நம்ம டொமைன் எவனோ எந்தக் காலத்துலயோ டாட் லோக்கல்னு வச்சுட்டுப் போனது. டெஸ்டுக்கு பத்து யூசர சிங்க் பண்ணினா பத்து பேரு லாகினும் ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம்னு வாலோட வந்து நிக்குது. எனக்கும் உடனே வெளங்கல, உண்மையச் சொல்லணும்லா. அந்தப் பொண்ணுதான் ரெண்டு சாயங்காலம் உக்காந்து கண்டுபுடிச்சுது, டாட் லோக்கல் வெளிய செல்லாது, நாம சொந்தமா வாங்கி வெரிஃபை பண்ணின டொமைன ஏடியில கூடுதல் யுபிஎன் சஃபிக்ஸா, அதாவது லாகின் பேருக்குப் பின்னால வர்ற வாலா, சேத்து, யூசர்ங்கள அதுக்கு மாத்திட்டுத்தான் சிங்க் பண்ணணும்னு. லேபுல ஒரு நாளும் வராத பாடம், ஆபீஸ்ல முதல் நாளே வந்துச்சு.

குளச்சல் பையன் கதைதான் பெரிசு. வீட்டு லேப்டாப்புல விண்டோஸ் ஹோம், அதுல ஹைப்பர்-வி கெடையாதுன்னு தெரியவே அவனுக்கு ஒரு வாரம் ஆச்சு, பிறவு அந்த ஐ5-ல ப்ரோ போட்டு மூணு விஎம், அதாவது பிசிக்குள்ள ஓடுற பொய்க் கம்ப்யூட்டர், நட்டான். சர்வருக்கு 180 நாள் இவால்யுவேஷன் காப்பி சும்மா கெடைக்கும். மைக்ரோசாஃப்ட் லேர்ன்ல பாடம் சும்மா, கிட்ஹப்புல அந்த கோர்ஸோட லேப் பயிற்சி கூட கெடக்கு. மைக்ரோசாஃப்டோட கிளவுடான அஜூர்ல புது அக்கவுண்டுக்கு 200 டாலர் கிரெடிட், ஆனா 30 நாளுதான்.

அந்த 200 டாலர அவன் பன்னெண்டு நாளுல தீத்தான்! விஎம்ம உள்ள போயி ஸ்டார்ட் பட்டன்ல ஷட்டவுன் குடுத்துட்டு நிம்மதியா சாயா குடிக்கப் போயிருக்கான், ஆனா அப்படி அணைச்சா அஜூர் கணக்குல மீட்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கும், போர்ட்டல்ல ஸ்டாப் குடுத்து டீஅலோகேட்டட்னு வந்தாத்தான் விஎம் காசு நிக்கும், டிஸ்க் காசு அப்பவும் நிக்காது. அதுக்கு மேல, நம்ம இடத்தையும் அஜூரையும் பூட்டின குழாய் மாதிரி இணைக்கிற ஒரு விபிஎன் கேட்வே வேற. அத அணைக்கவே முடியாது, மணிக்கணக்குல காசு, வேண்டாம்னா அழிக்கணும். நட்டு வரவே முக்கா மணி நேரம் வரைக்கும் புடிக்கிறதால அழிக்க மனசு வராம வச்சிருந்திருக்கான். அந்த விபிஎன்னும் வேலை செய்யல, ஏன்னா கேபிள்காரர் குடுத்த ஃபைபர்ல சொந்தமா பப்ளிக் ஐபி கெடையாது, தெருவுக்கே ஒண்ணு மாதிரி. எந்த வாத்தியாரும் இதச் சொல்லல, இது எங்க தெருவோட பாடம். கடைசியில, நம்ம சர்வர அஜூர்ல இருந்தே பாத்துக்கிட உதவுற அஜூர் ஆர்க் ஏஜென்ட் போட்டப்போ அது சிம்பிளா ஏறிக்கிச்சு, அதுக்கு உள்ள இருந்து வெளிய போற 443 போர்ட் மட்டும் போதும். அந்த அனுபவம் பிறவு ஆபீஸ்ல நேரா உதவிச்சு, எங்க 2012 ஆர்2-க்கு ஆர்க் வழியா காசு கட்டி 2026 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வாங்குற வழிய நட்டது அவன்தான்.

இன்னொண்ணு. டெஸ்ட் டெனன்ட்ல (சோதிச்சுப் பாக்க உள்ள தனி கிளவுடு இடம்) ஒரு நாள் சும்மா என்ட்ரா கனெக்ட்ல ஒரு ஓயுவோட (ஏடியில யூசர்ங்கள பிரிச்சு வைக்கிற ஃபோல்டர் மாதிரி) டிக்க எடுத்துவிட்டுட்டான். அடுத்த சிங்க்ல, அரை மணிக்கு ஒருக்க ஓடும்லா, அந்த ஓயு யூசர் மொத்தமும் கிளவுடுல காணோம். ராத்திரி பதினொண்ணுக்கு எனக்கு போன், "அண்ணே, பிள்ளையள் எல்லாம் போயிட்டாவ." நான் என்னமோ ஏதோன்னு எந்திரிச்சு உக்காந்துட்டேன். பிறவு பாத்தா டெலிட்டட் யூசர்ஸ்ல 30 நாள் வரைக்கும் கெடக்கும், டிக்க திரும்பப் போட்டு சிங்க் ஓட்டினா வந்துரும். ஒரே நேரத்துல 500-க்கு மேல அழிக்கப் போனா அதுவே நின்னுரும், ஆனா எங்க ஆஸ்பத்திரியில மொத்த யூசரே அத்தன இல்ல, அந்தக் காவல் நமக்குப் பிரயோஜனமே இல்லாம கெடக்கு, எண்ணிக்கைய நாமளே கொறைச்சு வைக்கணும். எந்த பரீட்சையில பாஸ் ஆனாலும் இப்படி ஒரு ராத்திரி முழிச்சவன் கை அந்த டிக் பக்கம் போகும்போது நடுங்கும்.

ஆனா அவன் வழியிலயும் ஓட்டை உண்டு. புடிச்சத மட்டும் படிப்பான். ஒத்த பிசியில நட்டுப் பாக்க சிரமம்னு கிளஸ்டர், ஸ்டோரேஜ் பக்கம் தலை வச்சுக்கூட படுக்கல, அஞ்சு மாசம் ஆச்சு, முதல் பரீட்சையில 640-ல நின்னுட்டான். கேட்டா, "பரீட்சை கான்டோசோவுக்கு அண்ணே, நான் குளச்சலுக்கு" அப்படின்னு பதில்.

செலவு பாத்தா கிளாஸும் ஆன்லைனும் பக்கத்துல பக்கத்துல வரும், லேபுக்கு ரேமும் எஸ்எஸ்டியும்தான். நேரத்துல ஆன்லைன் ஜெயிக்கும். என்கிட்ட யாராச்சும் கேட்டா ஆளப் பாத்துச் சொல்லுவேன். நெட்வொர்க்கே தெரியாத புதுப் பிள்ளைன்னா கிளாஸ், ஆனா சேரும்போதே கேளுங்க, கிளவுடுல ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் உண்டான்னு, இல்லைன்னா பாதிக்கு மேல காசு குடுக்காதீங்க. ஏற்கெனவே சர்வர் பாக்குறவன், வேற ஊருக்கு வேலை மாறணும்னா ஆன்லைனும் பரீட்சையும். ஆனா உங்க சொந்த சர்வர நம்பிக் குடுக்கப் போறீங்கன்னா லேபுல விழுந்து எந்திரிக்காத ஒருத்தன் கையில குடுக்காதீங்க, சர்ட்டிஃபிகேட் இருந்தாலும் சரி. எனக்கு மூணுல ஒண்ணுதான் எடுக்கணும்னா லேப்தான்.

சர்வர் ஃபைலையும் கிளவுடு ஃபைலையும் ஒண்ணா வைக்கிற அஜூர் ஃபைல் சிங்க் நட்டப்போ மூணு பேருக்கும் உள்ள வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சுது. கிளவுடு ஷேருக்குள்ள நேரா ஒரு ஃபைல் போட்டா அது கீழ உள்ள சர்வருக்கு வர ஒரு நாளு கூட ஆகலாம், ஏன்னா அந்தப் பக்கம் மாறினத 24 மணி நேரத்துக்கு ஒருக்கதான் தேடிப் பாக்கும். மார்த்தாண்டம்காரன் கெட்டுப்போச்சுன்னு அழிச்சு திரும்ப நடப் போனான், பொண்ணு டாக்குமென்ட்ட தொறந்து தேடுச்சு, குளச்சல் பையன், "லேய், சர்வர் பக்கம் போட்டுப் பாரு, உடனே போவும்"னு சொல்லிட்டு வேற வேலை பாக்கப் போயிட்டான்.

அந்த ஐ5 இப்போ என் மேசைக்குக் கீழ இருக்கு. 180 நாள் முடிய இன்னும் ஒம்பது நாளு, அதுக்குப் பிறவு விஎம் எல்லாம் மணிக்கொருக்க தானா அணையும், முதல்ல இருந்து நடப் போறோம். இந்தத் தடவ அது மார்த்தாண்டம்காரன் பொறுப்பு, டொமைன் பேரு டாட் லோக்கல்னே வைக்கச் சொல்லியிருக்கேன்.