பிரசவத்துக்குக் கீழே, பத்தியத்துக்கு மேலே

என் தங்கைக்கு இது ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். "வலி வந்தா இறங்கிக்கலாம், இப்ப என்ன அவசரம்" என்பது அம்மாவின் கட்சி. 37 வாரம் முடிந்ததும் சேலத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. நடுவில் மாட்டிக்கொண்டு அவள் தினமும் போன் செய்கிறாள்: "அக்கா, நீ ரெண்டு விதமாவும் பாத்தவ. எது நல்லதுன்னு சொல்லு." அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். மலையில் பிறந்து கீழே வாழ்க்கைப்பட்ட பெண்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும்.

என் மூத்தவன் மே மாதக் குழந்தை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று ஏழாம் மாதமே மேலே போய்விட்டேன். 38ஆவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வலி எடுத்தது. ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் சமயம். மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு இறங்கும் கார்கள் வரிசையாக நின்றன. 108 வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் சைரன் போட்டால் மட்டும் யார் எங்கே ஒதுங்க முடியும்? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கமாகச் சரியும். நான் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ள, அம்மா என் இரண்டு பாதங்களையும் அழுத்திப் பிடித்திருந்தார். பாதி மலையில் பன்னீர்க்குடம் உடைந்தது. ஒன்றேகால் மணி நேரப் பாதைக்கு அன்று இரண்டரை மணி நேரம் ஆனது. தலைப்பிரசவ வலி பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இழுக்கும் என்பதால்தான் எனக்கு நேரம் கிடைத்தது.

இரண்டாவது பெண் பிறந்தது டிசம்பரில். இந்த முறை மேலே போகவே இல்லை. சேலம் அம்மாபேட்டையில் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு வலி வந்தது. ஆட்டோவில் ஜி.எச். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டாள். இரண்டாவது பிரசவம் பொதுவாக இப்படித்தான், வேகமாக முடியும். மேலே இருந்திருந்தால் அவள் ஏதோ ஒரு வளைவில்தான் பிறந்திருப்பாள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

சரி, இறங்கவே இறங்காமல் மேலேயே பெற்றுக்கொண்டால் என்ன? அம்மா காலத்தில் அப்படித்தான். இன்றும் மலையில் ஆஸ்பத்திரி இருக்கிறது, நர்ஸுகள் இருக்கிறார்கள், சுகப்பிரசவம் நடக்கிறது. எனக்கு அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பிரசவத்தில் கோளாறு முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நஞ்சுக்கொடி விழுந்த பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் போனால் கையில் இருப்பது கொஞ்ச நேரம்தான். குழந்தை அழாமல் பிறந்தால் நிமிஷக் கணக்கு. ரத்த வங்கி, மயக்க மருந்து டாக்டர், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம், சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பி.பி., ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முன்பே சிசேரியன் ஆனவர்கள் மேலே இருப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கீழே சொந்தக்காரர் வீடு இல்லாதவர்கள் கிராம நர்ஸிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். மலைக் கிராமத்துக் கர்ப்பிணிகள் முன்னதாகவே வந்து தங்குவதற்கென்று காத்திருப்பு அறைகள் வைத்திருக்கும் அரசு சுகாதார நிலையங்கள் உண்டு. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் இடம் மாறினாலும் பதிவு தொடரும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் (14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம்) அந்த எண்தான் ஆதாரம்.

பிரசவத்தைப் பொறுத்தவரை, கீழேதான். எனக்கு அதில் இரண்டாவது எண்ணமே இல்லை. குழந்தை பிறந்த பிறகு வரும் நாட்களுக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூத்தவனை வைத்துக்கொண்டு ஒரு மாதம் அம்மாபேட்டையில் இருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாத வெயில். சேலத்து மே எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து அறையில் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் அவன் நன்றாகத் தூங்குவான், தறி நின்றால்தான் முழித்துக்கொள்வான். அத்தை பாசத்தில் குல்லா, சாக்ஸ், மேலே இரண்டு துணி என்று சுற்றிவைப்பார். பத்தாம் நாள் மத்தியானம் உடம்பு கொதித்தது. பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, கிருமித் தொற்று எதுவும் இல்லை, சுற்றிவைத்த சூடுதான் என்றார். "தொண்ட காஞ்சிருக்கும், ரெண்டு சொட்டு தண்ணி குடு கண்ணு" என்று அத்தை சொன்னதற்கும் அவரே பதில் சொன்னார்: தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான், ஆறு மாதம் வரை வேறு சொட்டுத் தண்ணீர் வேண்டாம், பாலை மட்டும் அடிக்கடி கொடுங்கள்.

ஆனால் கீழே இருந்ததால் வந்த பெரிய நன்மை ஒன்று. நாலாம் நாள் அவனுக்கு மஞ்சள் ஏறியது. நிறைமாதக் குழந்தைகளுக்கு மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் அது உச்சத்துக்குப் போகும். ஆட்டோவில் 15 நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. நீல விளக்கின் கீழ் இரண்டு நாள் வைத்திருந்தார்கள், இறங்கிவிட்டது. இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருக்கவில்லை.

அதனால்தான் பெண்ணைப் பெற்றபோது முதல் ஏழு நாள் கீழேயே இருந்தேன். மஞ்சள் பார்த்து, எடை பார்த்து, எட்டாம் நாள் மேலே போனேன். ராத்திரியில் 12, 13 டிகிரி குளிர். அத்தைக்கு ஒரே பயம். அம்மா பயப்படவில்லை. குழந்தையைத் துணி சுற்றாமல் என் மாரோடு சேர்த்துப் படுக்கவைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டார். இதைத்தான் ஆஸ்பத்திரியில் கங்காரு முறை என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரவில் எழும்போதெல்லாம் அம்மா முதலில் பாதத்தைத் தொடுவார், அப்புறம் வயிற்றை. பாதம் மட்டும் சில்லென்று இருந்தால் இன்னொரு துணி, மாரோடு அணைப்பு. வயிறும் சில்லிட்டிருந்தால் அணைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை. கரி அடுப்பை மட்டும் அறைக்குள் விட நான் சம்மதிக்கவில்லை. கதவடைத்த அறையில் அந்தப் புகை ஆளையே கொல்லும். பனிமூட்டத்தில் வீடு இருண்டு கிடக்கும் என்பதால் தினமும் காலையில் ஜன்னலோரம் கொண்டுபோய் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்து, மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்போம். பல்பு வெளிச்சத்தில் அது தெரியாது.

உடம்பு தேறியது மேலேதான். புழுக்கம் இல்லை, தூக்கம் வந்தது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வீட்டு மிளகில் ரசம், ராத்திரிக்கு ஒரு டம்ளர் பால். குழந்தை தூங்கும்போது "நீயும் படு சாமி" என்று சொல்ல ஒரு ஆள். கீழே அத்தை தறி வேலைக்கு நடுவில் தன்னால் முடிந்ததைச் செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மேலே இருப்பதில் யாரும் கணக்கில் எடுக்காத செலவு ஒன்று இருக்கிறது. டிசம்பர் காப்பிப் பழம் பறிக்கும் காலம். எஸ்டேட்டில் அம்மாவுக்கு நல்ல கூலி கிடைக்கும் மாதங்கள் அவை. எனக்காக ஐந்து வாரம் வேலைக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் அந்தக் கூலியைக் கொடுத்தபோது வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கிளம்பும் நாளில் அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

தங்கைக்கும் ஜனவரியில்தான் நாள் சொல்லியிருக்கிறார்கள், அதே காப்பிக் காலம். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் இறங்குகிறாள். தறிக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து, தூளி கட்டக் கொக்கி மாட்டியாகிவிட்டது. இந்த முறை அம்மாவின் கூலியை நானும் அவளும் பாதிப் பாதி போடுவதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.