நைட் கார்டும் மரக்குச்சியும்: தாடை வலியோடு சில வருஷங்கள்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தாடை வலிக்கிறது என்று சொன்னால், 'சொத்தைப் பல்லாக இருக்கும், பிடுங்கிவிடு' என்பார்கள். எனக்குப் பல்லில் ஒன்றுமில்லை. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் ஓர் இடம் அசையுமே, வலி அங்கேதான். முதலில் மெல்லும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம் வந்தது. அப்புறம் திடீரென்று சத்தம் நின்றது. அதோடு வாயும் முழுதாகத் திறக்க மறுத்துவிட்டது.

சத்தம் நின்றால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியில்லை. தாடை எலும்பின் முனைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் ஒரு சிறிய வட்டு இருக்கிறது. அது முன்பக்கம் நழுவி, வாய் திறக்கும்போது திரும்ப இடத்துக்கு வந்தால் 'டக்'. வராமலே நின்றுவிட்டால் சத்தம் இருக்காது, வாயும் திறக்காது. பெரியவர்களுக்கு முன்பற்களுக்கு நடுவில் சாதாரணமாக 40 மில்லிமீட்டருக்கு மேல் திறக்கும். வீட்டிலேயே பார்க்கலாம்: ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். எனக்கு அப்போது இரண்டு விரல்கூட நுழையவில்லை. இட்லியைப் பிய்த்துத் திணித்துத்தான் சாப்பிட்டேன்.

செம்பனை ஆலையில் எடைமேடையில் எனக்கு வேலை. லாரி வரிசை நீள நீளப் பல்லைக் கடித்துக்கொண்டே கணக்கு எழுதும் பழக்கம். இரவில் நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொல்வார்கள். பல் டாக்டர் கேட்டவுடன் தலையாட்டினார். மேல் பல்வரிசைக்குக் கெட்டி அக்ரிலிக்கில் ஒரு நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லின்மேல் மாட்டிக்கொள்ளும் உறை, செய்யச் சொன்னார்.

தனியார் கிளினிக்கில் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆனது. பல்லுக்கு அச்சு எடுத்து, லேப்பில் செய்து வரவழைத்து, நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தம் விழும் இடமெல்லாம் தேய்த்துவிட்டார். காசு அந்தத் தேய்ப்புக்குத்தான் தகும். பார்மசியில் சுடுதண்ணீரில் போட்டுக் கடித்துக்கொள்ளும் மெத்தென்ற கார்டு மலிவு. ஆனால் சிலர் அதைத் தூக்கத்தில் மெல்லவே ஆரம்பித்துவிடுவார்கள், தசைக்கு இன்னும் வேலை கூடும். நான் கெட்டி கார்டைத்தான் சொல்வேன்.

போட ஆரம்பித்த புதிதில் எச்சில் ஊறும், தூக்கத்தில் கையே அதைக் கழற்றிப் போட்டுவிடும். விடாமல் போட வேண்டும். காலையில் கழற்றியதும் பல் சரியாகச் சேராத மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். கார்டைப் பச்சைத் தண்ணீரில், மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். சுடுதண்ணீர் பட்டால் வளையும். நம் ஊர் வெயிலில் காருக்குள்ளும் வைக்காதீர்கள்.

பலன் என்ன? விடியும்போது பொட்டில் அடித்ததுபோல் இருந்த தலைவலி போனது. கன்னத்துத் தசை இறுக்கம் குறைந்தது. ஆனால் வாய் திறப்பது அதனால் பெரிதாகக் கூடவில்லை. அதைக் கொடுத்தது பயிற்சிதான். இதை முதலிலேயே யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஈப்போவில் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த முதல் பயிற்சி மிக எளிது. நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒட்டிவைத்து, நாக்கு விலகாத அளவுக்கு மட்டும் வாயை மெதுவாகத் திறந்து மூட வேண்டும். அடுத்தது மரக்குச்சி. தொண்டை பார்க்க டாக்டர்கள் நாக்கை அழுத்துவார்களே, அந்தத் தட்டைக் குச்சி. ஒன்றின் தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். வலியில்லாமல் நுழையும் அளவுக்கு அடுக்கி, முன்பற்களுக்கு நடுவில் வைத்து அரை நிமிஷம் அப்படியே இருப்பேன். அது லேசான பிறகுதான் நடுவில் இன்னொரு குச்சியைச் செருகுவேன். செய்வதற்கு முன் வறுத்த உப்பைத் துணியில் கட்டிக் கன்னத்தில் ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும். சில வாரம் ஒரு குச்சிகூட அதிகமாகாது. நிறுத்தாமல் செய்யுங்கள், மெதுவாக வரும். எனக்கு இப்போது மூன்று விரல் நுழைகிறது, கொஞ்சம் இறுக்கமாக.

பகலில் நினைவு வைத்துக்கொள்ள ஒரே விஷயம்: உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேரக் கூடாது. எடைமேடைக் கண்ணாடியில் 'பல்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே முஷ்டியை முட்டுக்கொடுக்கிறேன். புந்தோங் முறுக்கும் கச்சாங் பூத்தேயும் எனக்கு உயிர். அவற்றை வலி தணியும்வரை அறவே விட்டேன், இப்போதும் கொஞ்சமாகத்தான். ரொட்டி சானாயைக் குழம்பில் நன்றாக ஊறவிட்டுச் சாப்பிடுங்கள், இழுத்து மெல்ல வேண்டியிருக்காது.

சுளுக்கு வழிப்பவரிடம் போகச் சொல்லிப் பலர் அன்போடு வற்புறுத்தினார்கள். கன்னத்தை இதமாக நீவிவிடுவது வேறு. தாடையைப் பிடித்து இழுத்து மடக்க யாரையும் விடாதீர்கள். உள்ளே இருப்பது காயம்பட்ட மூட்டு.

இன்னொன்று, தோட்டத்து வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வாய் திறக்காததெல்லாம் மூட்டுக் கோளாறு அல்ல. எங்கள் பாட்டி காலத்திலிருந்தே வெற்றிலை பாக்கு நம் வாயை விட்டுப் போகவில்லை. பாக்கு நாள்பட மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வெளுத்து, காரம் பட்டாலே எரிந்து, வாய் சிறுகச் சிறுகச் சுருங்கும். அது புற்றுநோயாகவும் மாறக்கூடியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. அத்தை, மாமா யாருக்காவது இப்படி இருந்தால் நைட் கார்டெல்லாம் வாங்கித் தராதீர்கள், பாக்கை நிறுத்தி நேராக அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். காய்ச்சலும் வீக்கமும் சேர்ந்து வாய் இறுகினாலும் காத்திருக்க வேண்டாம். கடவாய்ப் பல்லில் சீழ் பிடித்திருக்கலாம்.

என் கார்டு இப்போது இடது பக்கம் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மெலிந்த இடம் தெரிகிறது. அடுத்த மாதம் புதிதுக்கு அச்சு எடுக்கப் போகிறேன், அதே கெட்டி அக்ரிலிக்தான்.