அப்பாவின் காலும் பெரிய டாக்டரின் நோட்டும்: எங்கள் வட்ட அரசு மருத்துவமனை பற்றி

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மதுரையிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம், இறங்கி நடந்தே போய்விடலாம், அவ்வளவு போதும். பெயரைப் போட்டால் முன்பு இருந்த தலைமை மருத்துவரைத் திட்டுவதற்காக எழுதியதாக ஆகிவிடும், என் நோக்கம் அது இல்லை. அதே கட்டடம், கிட்டத்தட்ட அதே ஆட்கள், நாலு வருட இடைவெளியில் இரண்டு தடவை அப்பாவை அங்கே சேர்த்தேன். இரண்டும் இரண்டு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தன. நடுவில் மாறியது தலைமை மருத்துவர்தான், நாங்கள் பெரிய டாக்டர் என்று சொல்கிறவர். அதனால் நான் எழுதுவது வைத்தியத்தைப் பற்றி மட்டும் இல்லை, ஒரு அரசு மருத்துவமனையை நடத்துகிற வேலையைப் பற்றி.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருடம். வயலுக்குச் செருப்பில்லாமல் போகிற பழக்கம், எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டார். முதல் தடவை இடது கால் கட்டைவிரலுக்குக் கீழே முள் குத்தியிருக்கிறது, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் மூன்று நாளாக அவருக்கே தெரியவில்லை. அம்மா காலையில் பாயைச் சுருட்டும்போது அதில் சீழ் பட்டிருந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு ஓ.பி.யில் பார்த்த டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார், உடனே சேர்த்தும் கொண்டார். பிரச்சினை அதற்கப்புறம். ஒரு நாள் காலை எட்டு மணிக்குக் கட்டு மாற்றுவார்கள், மறுநாள் மதியம் இரண்டாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவே இல்லை. கட்டுத்துணி வெளியே, சிரிஞ்சு வெளியே, இரண்டாவது நாள் இன்சுலினே ஸ்டாக் இல்லை என்று ஒரு துண்டுச் சீட்டு. ஆறு நாளில் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் மெடிக்கலில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தேன். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பெரிய டாக்டர் அறைக்குப் போனால் பூட்டியிருக்கும், மீட்டிங் என்பார்கள், தியேட்டரில் இருக்கிறார் என்பார்கள். இப்போது யோசித்தால் அவர்மேல் முன்பிருந்த கோபம் இல்லை. அவர் அறுவைச் சிகிச்சை டாக்டர். காலையில் ஆபரேஷன், அப்புறம் போஸ்ட்மார்ட்டம், நடுவில் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போக வேண்டும், இதற்கு மேல்தான் நிர்வாகம். அதற்கென்று அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்த மாதிரி தெரியவில்லை, கூட ஆளும் கொடுக்கவில்லை. ஆனால் கடைசியில் அப்பாவை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கே அந்தக் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒழுங்காகக் கட்டு மாற்றியிருந்தால் தப்பியிருக்குமா என்று இன்றைக்கும் அம்மா கேட்பார்.

இந்த வருடம் வலது குதிகால். அதே பயத்தோடுதான் போனோம், ராத்திரி ஒன்பதரைக்குச் சேர்த்தோம். மறுநாள் காலை ஏழே கால் இருக்கும், வார்டுக்குள் ஒரு அம்மா வந்து யாரிடமும் பேசாமல் நேராக டிரெஸ்ஸிங் டிராலியின் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த துணிக்கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை. அப்பா, "தாயி, நீங்க நர்ஸம்மாவா?" என்று கேட்டார். "இல்லைங்கய்யா, இங்க டாக்டர்தான்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்தான் மெதுவாக என்னிடம், "அண்ணே, அவுங்கதான் பெரிய டாக்டர்" என்றார்.

அவர் அப்பாவிடம் மூன்றே கேள்விகள் கேட்டார். "ராத்திரி எத்தன மணிக்குக் கட்டுப் போட்டாங்க? வெளிய ஏதாச்சும் வாங்குனீங்களா? பாத்ரூம்ல லைட் எரிஞ்சுச்சா?" அப்புறம் அடுத்த கட்டில், அங்கேயும் இதே மாதிரி. அந்த வார்டில் இருபத்தேழு கட்டில், ஒன்றையும் விடவில்லை. பதினோரு நாள் இருந்தோம், அவர் ஊரில் இருந்த ஒன்பது நாளும் இதைப் பார்த்தேன். எட்டு மணிக்குள் முடித்துவிட்டு ஓ.பி.யில் போய் உட்கார்ந்துவிடுவார்.

வெளியே மருந்து வாங்கச் சொல்லும் விஷயம் எப்படி நின்றது என்பதுதான் எனக்கு முக்கியம். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்பக்கம் சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கிறது. எந்த டாக்டராவது, எந்த சிஸ்டராவது ஒரு பொருளை வெளியே வாங்கி வரச் சொன்னால், முதலில் அந்தச் சீட்டை ஜன்னலில் காட்ட வேண்டும். மருந்து பெயர், நோயாளி பெயர், எழுதியவர் யார், ஏன் இங்கே இல்லை, நாலும் நோட்டில் ஏறும். சாயங்காலம் பெரிய டாக்டர் ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். மூன்றாம் நாள் அப்பாவுக்கு இன்சுலின் சிரிஞ்சு இல்லை என்றபோது என் கண் முன்னாலேயே அதில் எழுதினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன், எதிரே பச்சை மையில், "பக்கத்து ஆஸ்பத்திரியில் 200 வாங்கியாயிற்று, இண்டென்ட் இன்றே அனுப்பவும்" என்று எழுதியிருந்தது. இண்டென்ட் என்றால் கிடங்கிலிருந்து மருந்து கேட்டு எழுதும் சீட்டு. அந்த ஒரு நாள் செலவு எனக்குச் சின்னத் தொகைதான். அதற்கு முந்தைய வரியில் ஒரு கூலித் தொழிலாளியின் பெயர் இருந்தது, அவருக்கு அது அரை நாள் சம்பளமாக இருந்திருக்கும்.

மருந்தாளுநர் தம்பி பழைய ஆள், முதல் தடவையும் அவர்தான் இருந்தார். அவரிடம், அப்போது ஏன் இன்சுலின் இல்லை என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார்: "அப்பவும் கிடங்குல இருந்துச்சுண்ணே, நாங்கதான் எழுதிப் போடல. கேக்கவும் ஆள் இல்ல." எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. நம் மாநிலத்தில் மருந்து வாங்குகிற ஏற்பாடு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றைத் தொடங்கி, மொத்தமாக டெண்டர் விட்டு, மருந்தைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பித் தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்துக் கொடுக்கிறார்கள். வேறு மாநிலங்கள் வந்து பார்த்துப் போய் அதே மாதிரி செய்தன. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் இருக்கும், தேவையானதை எழுதிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அதாவது எந்த மருந்து எவ்வளவு செலவாகிறது, எப்போது தீரும் என்று கணக்குப் பார்க்க வேண்டியது அந்தந்த ஆஸ்பத்திரிதான். சென்னையில் எவ்வளவு நல்ல திட்டம் போட்டாலும், எங்கள் ஊர் ஜன்னலில் "இல்லை" என்ற சொல் வருவதும் வராததும் இந்தக் கணக்கை ஒருவர் தினமும் பார்க்கிறாரா என்பதில்தான் இருக்கிறது. அப்பாவின் விரல் போனதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜையும் சொல்ல வேண்டும். கதவில் ஒரு அட்டை தொங்குகிறது, காலையும் மாலையும் டிகிரி எழுதி, எழுதினவர் தன் இனிஷியலைப் போட வேண்டும். 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்சுலின் வீணாகிவிடும் என்று சிஸ்டர் சொன்னார். முன்பு அதே ஃபிரிட்ஜில் யாருடைய தயிர் டப்பாவோ இருந்ததைப் பார்த்தவன் நான்.

பெரிய டாக்டர் என்றால் எல்லா அதிகாரமும் கையில் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. டாக்டர்களை அவர் நியமிக்க முடியாது, 2012-ல் வந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்தான் எடுக்கிறது, இடமாறுதல் மேலே இருந்து வரும். துப்புரவு செய்கிறவர்கள் ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள். குழாய் ஒழுகினால் பொதுப்பணித் துறைக்கு எழுத வேண்டும், ஆண்கள் வார்டில் ஒரு குழாய் நாங்கள் போனபோதும் ஒழுகியது, வரும்போதும் ஒழுகியது. அவர் கையில் இருப்பது டூட்டி சார்ட், நோயாளர் நலச் சங்க நிதி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிற பணம், வெளியில் வாங்கிக்கொள்ள அனுமதித்த சிறு தொகை, அப்புறம் போய்க் கேட்பதற்கு ஒரு வாய். இதை வைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார். சேர்ந்த மறுநாளே காப்பீட்டு அட்டையைக் கேட்டு வாங்கினார்கள், எதற்கு என்று புரியவில்லை. இலவசமாகப் பார்க்கிற இடத்தில் அட்டை எதற்கு என்று அப்பா கொஞ்சம் பயந்துகூடப் போனார். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் காப்பீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பணம் வரும், அதில்தான் கட்டுப் போடுகிற அறைக்கு நல்ல விளக்கு வாங்கினோம் என்று சிஸ்டர் விளக்கிய பிறகுதான் கொடுத்தார்.

இன்னொன்று, இதுதான் என்னை எழுத வைத்தது. அப்பாவுக்கு மாதாமாதம் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண், 2021-ல் வந்த திட்டம். அது ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்தது, பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ் வரும். வட்ட மருத்துவமனை வேறு இயக்குநரகம், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள். மதுரைப் பெரியாஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்குநரகம். ஒரே ஆள், ஒரே கால், மூன்று இடத்திலும் தனித்தனிச் சீட்டு. முதல் தடவை விரலை எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு, மாத்திரை கொண்டுவந்த பெண்ணுக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாது, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், அவரைக் குறை சொல்லவே முடியாது. இந்தத் தடவை டிஸ்சார்ஜ் அன்று பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பார்த்துக்கொள்கிற எங்கள் பகுதி வட்டார மருத்துவ அலுவலருக்குப் போன் போட்டார். "சார், உங்க ஏரியா பேஷண்ட் ஒருத்தர அனுப்புறேன், பாதத்த மட்டும் வாரா வாரம் பாக்கச் சொல்லுங்க" என்று இரண்டு நிமிடம் பேசினார். அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் மாத்திரையோடு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அப்பாவின் இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இப்போது ஏழாவது வாரம், இன்னும் விடாமல் வருகிறார்.

அரசு டாக்டர் ஒருவர் இப்படி வேலை பார்ப்பது மதுரைக்காரர்களுக்குப் புதிதும் இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, 1976-ல் பதினோரு படுக்கையோடு அதை ஆரம்பிப்பதற்கு முன் இருபது வருடம் இதே ஊரில் அரசு டாக்டர். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுத் தலைவராகவும், வயதானவர்கள் இன்னும் எர்ஸ்கின் என்று சொல்கிற நம் பெரியாஸ்பத்திரியில் கண் டாக்டராகவும் இருந்தார், கண் முகாம்களை அப்போதே நடத்தியவர். முடக்குவாதத்தில் வளைந்த விரல்களோடு ஆபரேஷன் செய்தவர். அறக்கட்டளை ஆஸ்பத்திரியைத்தான் எல்லாரும் புகழ்கிறோம், அவர் அதற்கு முன் வேலை பார்த்தது அரசு நாற்காலியில் என்பதைச் சொல்வதில்லை.

குறைகளும் இருக்கின்றன. கழிப்பறை காலையில் சுத்தம், மதியத்துக்கு மேல் உள்ளே போக முடியாது. இரவில் அவசரப் பிரிவுக்கும் பிரசவத்துக்கும் சேர்த்து ஒரே டாக்டர், பாம்பு கடித்து ஒருவர் வந்த ராத்திரி மற்ற எல்லாரும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், அதில் அவரைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. கூட இருப்பவர்களுக்குப் படுக்க இடம் கிடையாது, வராந்தாதான். வீல்சேர் தள்ளியவர் ஐம்பது ரூபாய் கேட்டார், நான் கொடுக்கவில்லை, மறுநாள் சொன்னேன், அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

பெரிய டாக்டர்மேலும் ஒரு குறை உண்டு. எல்லாம் அவர் வழியாகவே நடக்கிறது. கலெக்டர் ஆபீசில் ஆய்வுக் கூட்டம் என்று இரண்டு நாள் அவர் மதுரைக்குப் போயிருந்தபோது நோட்டில் கையெழுத்து இல்லை, ஒரு நாள் கட்டு மாற்ற பன்னிரண்டு மணியாகிவிட்டது. கிளம்பும்போது அதை நேரிலேயே சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. "நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் கையெழுத்துப் போடலாம்னு எழுதி வச்சுட்டேன், இன்னும் பழகல, பழகிரும்" என்றார். பழகினால்தான் நல்லது. இவர் இடமாறுதலில் போனால் என்ன ஆகும் என்று வார்டில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள், எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது. இந்த மாதிரி வேலை பார்க்கிறவர்களைக் குறைந்தது மூன்று வருடமாவது ஒரே இடத்தில் வைக்க வேண்டும், தலைமைப் பொறுப்புக்கு வருகிற டாக்டருக்கு மருந்துக் கணக்கையும் ஆட்களை வேலை வாங்குவதையும் முதலிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். சீனியாரிட்டி பார்த்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, நீயே பழகிக்கொள் என்று விடுவதால் நோயாளிதான் அடிபடுகிறான்.

போகிறவர்களுக்கு: ஓ.பி. காலை ஏழரைக்கு, திங்கட்கிழமை கூட்டம் தாங்காது, புதன், வியாழன் பரவாயில்லை. பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டுபோங்கள், காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் வேண்டும். சர்க்கரைக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள், அவர்களாகக் கேட்காவிட்டாலும். வெளியே வாங்கி வா என்று யாராவது சீட்டுக் கொடுத்தால் நேராக அந்த ஜன்னலுக்குப் போய் "சிவப்பு நோட்டுல எழுதுங்க" என்று சொல்லுங்கள், தயங்க வேண்டாம். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், ஒன்று அந்தக் கழிப்பறைக்காகக் குறைத்தது.