மகளோட 21க்கு வாங்குன அக்குவாமரின் பெண்டன், நம்ம சுங்கை சிப்புட் நகைக்கடையில

மார்ச்சுல பொறந்த புள்ள, இந்த வருஷம் 21 முடியுது, பெரிய மண்டபம் சாப்பாடு எல்லாம் வேணாம்மா, ஒரு அக்குவாமரின் பெண்டன் மட்டும் போதும்னு சொல்லிட்டா. மார்ச்சுல பொறந்தவங்களுக்கான கல்லு அந்த வெளிர் நீலக் கல்லுதானாம். நமக்குக் கல்லுன்னா நவரத்தினம்தான் தெரியும், அந்த ஒம்பதுல இது கெடையாது, அதனால எங்க வீட்டுல யாருக்கும் இதப் பத்தி ஒண்ணும் தெரியல. வாங்கி முடிச்சு ஒரு மாசம் ஆச்சு, நம்ம ஊரு கடையில எனக்குக் கெடச்ச அனுபவத்த எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

முதல்ல ஒரு வருத்தமான விஷயம். போன வருஷம் என் தங்கச்சி கோலாலம்பூர்ல ஒரு மால்ல அக்குவாமரின் மோதரம்னு சொல்லி ஒண்ணு வாங்குனா, நல்ல பளிச்சுனு ஆகாச நீலம், பாக்க அவ்ளோ அழகு. பில்லுல வெறும் "நீலக் கல் மோதரம்"னு போட்டிருந்தத அவ கவனிக்கல. நான் பெண்டனுக்கு விசாரிக்கப் போனப்ப அந்த மோதரத்தையும் கையோட எடுத்துட்டுப் போனேன், அங்கதான் தெரிஞ்சுது அது புளூ டோப்பாஸ். டோப்பாஸ் கெட்ட கல்லு இல்ல, சொல்லப்போனா அது இன்னும் கொஞ்சம் கடினம்கூட, ஆனா நிறமே இல்லாத டோப்பாஸ கதிர்வீச்சு காட்டி சூடு பண்ணி நீலமாக்குறாங்க, எக்கச்சக்கமா கெடைக்கும், வெலையும் ரொம்பக் கம்மி. அக்குவாமரின் வெலைய வாங்கிட்டு அதக் குடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறல.

இப்ப கடைக்கு வர்றேன். நம்ம டவுன்ல உள்ள பழைய கடை, முன்னாடி நாலு கண்ணாடிப் பெட்டி, பின்னாடி பட்டறை. சின்ன வயசுல எங்கம்மா பால் மரம் வெட்டி சேத்த காசுல எனக்குத் தோடு வாங்குனதே அங்கதான். பத்தர் ஐயாவுக்கு இப்ப எழுபது தாண்டியிருக்கும், கல்லு விஷயமெல்லாம் அவரு மகன்தான் பாக்குறாரு, கல்லு சோதிக்குற படிப்பு முறையா படிச்சவரு. அந்தத் தம்பி மோதரத்துக் கல்லக் கழட்டி ஒரு சின்னக் கருவியில வச்சுப் பாத்தாரு, ஒளி எவ்வளவு வளையுதுன்னு காட்டுற கருவி. அக்குவாமரினா இருந்தா 1.57, 1.58 கிட்ட காட்டும்கா, இது 1.61க்கு மேல போகுதுன்னு என்னையே குனிஞ்சு பாக்கச் சொன்னாரு. கனமும் வேற, ஒரே அளவு கல்லு ரெண்டையும் தராசுல வச்சா டோப்பாஸ் சுமார் முப்பது விழுக்காடு கூட நிக்கும். இத செஞ்சு காட்டுனதுக்கு அஞ்சு காசு வாங்கல, அத வித்த கடையப் பத்தி ஒரு வார்த்தை தப்பாவும் பேசல.

அப்புறம் வெள்ளைக் காகிதத்துல மூணு அக்குவாமரின் கல்ல வச்சாரு. கடை விளக்குல மூணுமே ஒரே மாதிரி நீலமாத்தான் தெரிஞ்சுது. எடுத்துட்டு வெளிய வாங்கக்கான்னு கூப்புட்டு கடை முன்னாடி நடைபாதையில, காக்கி லீமாவுல நிக்க வச்சு என் பொறங்கையில ஒவ்வொண்ணா வச்சாரு. பகல் வெளிச்சத்துல ஒண்ணு தண்ணி மாதிரி ஆயிருச்சு, நம்ம தோலு நிறத்துல அப்படியே காணாமப் போச்சு. இன்னொண்ணுல பச்சை அடிச்சுது. மூணாவது மட்டும் உள்ளேயும் வெளியேயும் அதே நீலம். கடையில போடுற அந்தப் பளீர் வெள்ள விளக்கு நீலக் கல்ல ரொம்பத் தூக்கிக் காட்டுமாம், வீட்டு மஞ்ச விளக்குல அதே கல்லு சோந்து போயிரும். எந்தக் கடையில வாங்குனாலும் கல்ல வெளிய எடுத்துப் பாக்க விடுங்கன்னு கேளுங்க, விடமாட்டேன்னா அங்க வாங்காதீங்க.

அந்தப் பச்சை கல்லப் பத்தி அவரு சொன்னது எனக்குப் புதுசு. அக்குவாமரினும் மரகதமும் ஒரே குடும்பம், பெரில்னு பேரு. இதுல நீலத்தக் குடுக்குறது இரும்புதான், அந்த இரும்போட இன்னொரு வடிவம் மஞ்சளக் கலந்து விடுறதால பச்சையா தெரியுது, 400 டிகிரி கிட்ட சூடு காட்டுனா மஞ்ச போயி நீலம் மட்டும் நிக்கும். சந்தைக்கு வர்ற நீலக் கல்லுல பெரும்பாலும் சூடு காட்டுனதுதான், நிறம் திரும்பவும் மாறாது, அது ஏமாத்து இல்லக்கா ஆனா கேட்டா மறைக்கக் கூடாதுன்னாரு. சில பேரு அந்தக் கடல் பச்சையத்தான் விரும்பிக் கேக்குறாங்களாம். எனக்கென்னவோ நீலம்தான் மனசுக்குப் புடிச்சுது.

இன்னும் ரெண்டு விஷயம் பாத்தோம். கல்ல தமிழ் பேப்பர் மேல கவுக்காம நேரா வச்சு மேலேருந்து பாத்தா, நடுவுல எழுத்து தெளிவா படிக்க முடிஞ்சா வெட்டு சரியில்ல, ஒளி திரும்பாம கீழ ஓடிருது, அந்த எடம் செத்த மாதிரி வெளுத்துக் கெடக்கும். அந்தப் பச்சைக் கல்லு இப்படித்தான் இருந்துச்சு, "வெலை"ங்குற எழுத்த அப்படியே படிச்சேன். அடுத்தது அழுக்கு. மரகதத்துல உள்ள கீறல் பாசி இருந்தாலும் ஏத்துக்குவாங்க, அக்குவாமரின் அப்படி இல்ல, பொதுவா சுத்தமாவே கெடைக்குற கல்லு, அதனால வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி தெரிஞ்சாலும் வேற கல்லு கேக்கலாம்.

பேச்சுவாக்குல தம்பி சொன்னாரு, பிரேசில், பாகிஸ்தான், மொசாம்பிக்னு எங்கெங்கயோ இந்தக் கல்லு வருது, ஆனா தமிழ்நாட்டுல காங்கேயம் பக்கத்துல படியூர்ல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தோண்டி எடுத்திருக்காங்க, ரோமாபுரி வரைக்கும் போயிருக்கு, நொய்யல் கரை கொடுமணல்ல இந்தக் கல்லுல மணி செஞ்ச பட்டறையே அகழாய்வுல கெடச்சிருக்குன்னு. பெரில்ங்குற பேரே வைடூரியம்ங்குற சொல்லுலேருந்து போனதுதானாம், நாம இப்ப அந்தப் பேர பூனைக்கண்ணு கல்லுக்கு வச்சிருக்கோம். எங்க அப்பத்தா ஊரு தாராபுரம், காங்கேயத்துலேருந்து கிட்டதான். காங்கேயம்னா அப்பத்தா காளை ஒண்ணத்தான் சொல்லும், பாவம், கப்பலேறி வந்து கித்தா காட்டுலயே காலம் போச்சு, இதக் கேட்டிருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருக்கும். மகளுக்கு அன்னைக்கு ராத்திரியே போன்ல சொன்னேன், அவ அந்த மூணாவது கல்லுதான் வேணும்னு உறுதியா சொல்லிட்டா.

கல்லு 2.3 கேரட், கேரட்டுக்கு 420 வெள்ளி, ஆக 966 வெள்ளி. தங்கம் தனி. நான் 916 மஞ்சத் தங்கத்துலதான் கேட்டேன், மஞ்சத் தங்கம் பின்னாடி நின்னா வெளிறுன நீலத்துல பச்சை ஏறும்னு சொல்லி 750 (ஆயிரத்துல 750 பங்கு தங்கம்) வெள்ளைத் தங்கத்துல மெழுகால ஒட்டி வச்சுக் காட்டுனாரு. வித்தியாசம் கண்ணுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. 750 கொஞ்சம் கெட்டி, கல்லப் புடிக்கிற கொக்கி சீக்கிரம் தேயாது. எங்க மாமியாருக்கு மட்டும் இன்னும் திருப்தி இல்ல, நாளைக்கு அவசரத்துக்கு அடகுக்கடைக்குப் போனா 916தான் பேசும்னு சொல்றாங்க, அதுவும் நியாயம்தான். ஆனா அடகுக்கடையில இந்த மாதிரி கல்லுக்குப் பொதுவா காசு கெடையாது, அதையும் சேத்து யோசிச்சுக்குங்க.

நான் இந்தக் கடைய மெச்சுறதுக்கு முக்கிய காரணம் பில்லு. கல்ல பதிக்குறதுக்கு முன்னாடி தங்கத்தத் தனியா, கல்லத் தனியா நிறுத்து, ரெண்டையும் தனித்தனி வரியில எழுதி, கல்லு பேரு "இயற்கை அக்குவாமரின், சூடு காட்டியது"ன்னு போட்டுக் கையெழுத்தும் போட்டாங்க. ஒரு கேரட்டுன்னா 0.2 கிராம், என் கல்லு 0.46 கிராம் வருது. பதிச்ச பெறகு மொத்தமா நிறுத்து தங்க வெலை போட்டிருந்தா அரை கிராம் தங்கத்துக்கு நான் சும்மா காசு கட்டியிருப்பேன். பழைய கல்லு வச்ச நகை வாங்கியிருக்குறவங்க வீட்டுல பில்ல ஒருதரம் எடுத்துப் பாருங்க.

கொறையும் சொல்லணும். ரெண்டு வாரத்துல தர்றேன்னவங்க நாலு வாரம் ஆக்கிட்டாங்க. காரணம், பத்தர் ஐயா பழைய பழக்கத்துல பெண்டன் பின்பக்கத்த மூடி, உள்ள பளபளப்புத் தகடு வச்சுப் பதிச்சுட்டாரு. செவப்புக் கல்லு தோட்டுக்கு அது சரி, இந்தக் கல்லுக்கு அது வேணாம், பின்னாடி தொறந்து இருந்தாத்தான் ஒளி உள்ள போயி வரும், எண்ணெய் அழுக்கு சேந்தாலும் கழுவ முடியும். தொறந்த மாதிரிதான் வேணும்னு நான் முதல்லயே சொல்லியிருந்தேன், மகன் எழுதியும் வச்சிருந்தாரு, பட்டறைக்கு அது போய்ச் சேரல. பொறந்தநாளுக்கு மூணு நாளு இருக்கும்போது அழுகையே வந்துருச்சு. ஐயா ஒண்ணும் பேசல, மறுபடி உருக்கி செஞ்சு பொறந்தநாளு காலையில அவரே மோட்டர்ல வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்தாரு, கூலி கூட வாங்கல. கல்லு கையிருப்பும் கம்மிதான், அஞ்சாறு கல்லுக்கு மேல இருக்காது, நெறைய பாத்துத் தேர்ந்தெடுக்கணும்னா ஈப்போவுக்குத்தான் போகணும்.

ஒரு மாசமா மகள் தினமும் போடுறா. மிதமான சுடுதண்ணியில கொஞ்சம் சோப்பு போட்டு மெத்துன பிரஷ்ஷால பின்பக்கமும் தேச்சா போதும்னு சொல்லியிருக்காங்க. மோதரமா செய்யுறதா இருந்தா யோசிங்க, கடினம் 7.5லேருந்து 8 வரைக்கும், சாதாரண தூசி கீறாது, ஆனா சிங்க்குல சட்டியில இடிச்சா ஓரம் செதறலாம்.

போறவங்க காலையில பத்து மணிக்கெல்லாம் போயிருங்க. மத்தியானத்துக்கு மேல நம்ம ஊருல மழை இருட்டு கட்டிருது, கல்ல வெளிய எடுத்துப் பாக்க வெளிச்சம் இருக்காது.